எந்தப் பெம்பான்? டிஃபால்ட் ஸ்கீமா அமைப்பது பற்றிக் கொஞ்சம் விரிவாக

குவெரியில் ஓர் அட்டவணையின் பெயரை மட்டும் எழுதி, அது எந்த ஸ்கீமாவில் இருக்கிறது என்பதை எழுதாமல் விட்டால், தரவுத்தளம் அந்தப் பெயரைத் தேடிப் போகும் இடத்துக்கு டிஃபால்ட் ஸ்கீமா என்று பெயர். ‘மெர்லிமாவ்.வருகை’ என்று ஸ்கீமாவின் பெயரையும் அட்டவணையின் பெயரையும் சேர்த்துப் புள்ளி வைத்து எழுதினால் தேடும் வேலையே இல்லை, நேராக அங்கே போய்விடும். வெறும் ‘வருகை’ என்றால், கேட்பவர் எங்கே நின்று கேட்கிறார் என்று பார்த்துத்தான் தரவுத்தளம் பொருள் கொள்ளும்.

பெம்பான் என்ற ஊர்ப்பெயரிலேயே இந்தச் சிக்கல் இருக்கிறது. பெம்பான் என்பது பாயும் கூடையும் முடைய உதவும் ஒரு செடியின் மலாய்ப் பெயர். செடி பல இடங்களில் வளரும், பெயரும் பல இடங்களில் ஒட்டிக்கொள்ளும். மலாக்கா மாநிலத்தின் ஜாசின் மாவட்டத்தில் ஒரு பெம்பான் இருக்கிறது, அஞ்சல் குறியீடு 77200. பேராக்கில் பத்து காஜா பக்கம் இன்னொரு பெம்பான், அங்கே குறியீடு 31000. ஜாசினில் நின்று ‘பெம்பான் போகணும்’ என்றால் எந்தப் பெம்பான் என்று யாரும் திருப்பிக் கேட்பதில்லை. பத்து காஜாவில் நின்று அதே வாக்கியத்தைச் சொன்னாலும் யாரும் கேட்பதில்லை. சொல் ஒன்று, போய்ச் சேரும் ஊர் வேறு. கோலாலம்பூரில் நின்று சொன்னால்தான் வம்பு. மலாக்காக்காரர் ஒன்றை நினைப்பார், பேராக்காரர் இன்னொன்றை நினைப்பார், இரண்டு பேருக்கும் புரிந்துவிட்டதாகவே தோன்றும்.

தோட்டத்து வாழ்க்கையில் இதற்கு இன்னும் நெருக்கமான ஒன்று உண்டு. விடியற்காலைப் பெரட்டில், ஆட்களைக் கூட்டிப் பெயர் கூப்பிடும்போது, தோட்டத்து எழுத்தரான கிராணி செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டைப் பிரித்து ‘முனியாண்டி’ என்று கூப்பிட்டால் ஒருவர்தான் குரல் கொடுப்பார். தோட்டத்தில் முனியாண்டிகள் நாலு பேர் இருக்கலாம். ஆனால் அப்போது திறந்திருப்பது ஒரு கங்காணியின் ஆட்களுக்கான பக்கம், அந்தப் பக்கத்தில் முனியாண்டி ஒருவர்தான். அதே முனியாண்டி அரசாங்க அலுவலகத்துக்குப் போனால் வெறும் பெயர் செல்லாது. ‘அனாக் லெலாக்கி’ (மகன்) என்று போட்டுத் தந்தை பெயரும் சேர வேண்டும். அடையாள அட்டையின் 12 இலக்க எண்ணும் வேண்டும். அந்த எண்ணில் 7-ஆம் 8-ஆம் இலக்கங்கள் பிறந்த மாநிலத்தைச் சொல்பவை: 04 என்றால் மலாக்கா, 08 என்றால் பேராக். தரவுத்தள மொழியில் இதைத்தான் முழுத்தகுதி பெற்ற பெயர் என்கிறார்கள். செக்ரோலில் அப்போது திறந்திருக்கும் பக்கம்தான் டிஃபால்ட் ஸ்கீமா.

ஸ்கீமா என்பது ஒரு தரவுத்தளத்துக்குள் பெயர்களைப் பிரித்து வைக்கும் தடுப்பு. அட்டவணை, வியூ, ஃபங்ஷன், சீக்வென்ஸ் எல்லாம் ஏதாவது ஒரு ஸ்கீமாவுக்குள்தான் இருக்கும். ஒரே ஸ்கீமாவுக்குள் ஒரே பெயரில் இரண்டு அட்டவணைகள் இருக்க முடியாது, வெவ்வேறு ஸ்கீமாக்களில் எத்தனை வேண்டுமானாலும் இருக்கலாம். ஒரு பேச்சுக்கு, பெம்பான், மெர்லிமாவ், ஜாசின் என்று மூன்று தோட்டங்களின் கணக்கை ஒரே தரவுத்தளத்தில் வைப்பதாகக் கொள்வோம். மூன்றுக்கும் தனித்தனி ஸ்கீமா. ஒவ்வொன்றிலும் ‘வருகை’, ‘தொழிலாளர்’, ‘சம்பளம்’ என்று அதே மூன்று அட்டவணைகள். எல்லோருக்கும் பொதுவான ‘விடுமுறை’ அட்டவணை ‘பொது’ என்ற நாலாவது ஸ்கீமாவில். பல வாடிக்கையாளர்களுக்கு ஒரே மென்பொருளை ஓட்டும் நிறுவனங்கள் பல இந்த அமைப்பைத்தான் பின்பற்றுகின்றன. பைத்தான் உலகில் ஜாங்கோ-டெனன்ட்ஸ் என்ற நிரல்தொகுப்பு செய்வதும் இதுவே: வரும் ஒவ்வொரு கோரிக்கைக்கும் அது எந்த வாடிக்கையாளருடையது என்று பார்த்து, டிஃபால்ட் ஸ்கீமாவை மாற்றிவிட்டு, அதன் பிறகு குவெரியை ஓட்டுகிறது. குவெரியில் தோட்டத்தின் பெயர் எங்கும் வராது.

எல்லாத் தரவுத்தளங்களும் இதை ஒரே மாதிரி செய்வதில்லை என்பதில்தான் பாதிக் குழப்பம். எஸ்க்யூஎல் தரம் 1992-லேயே ‘செட் ஸ்கீமா’ என்ற கட்டளையை வகுத்துவிட்டது. ஐபிஎம்மின் டிபி2 அதைப் பின்பற்றுகிறது. மற்றவர்கள் ஆளுக்கொரு வழி பிடித்தார்கள்.

மைஎஸ்க்யூஎல்லில் கதை சுருக்கம். அங்கே ஸ்கீமா என்றாலும் டேட்டாபேஸ் என்றாலும் ஒன்றே. ‘யூஸ் மெர்லிமாவ்’ என்று ஒரு வரி எழுதினால் அதுவே டிஃபால்ட். அங்கே இல்லாத அட்டவணையை வேறெங்கும் தேடாது. எதையும் தேர்ந்தெடுக்காமல் வெறும் பெயரைக் கேட்டால் 1046 என்ற எண்ணோடு, டேட்டாபேஸ் எதுவும் தேர்ந்தெடுக்கப்படவில்லை என்று பிழை வரும். அந்த முரட்டு நேர்மையில் ஒரு நன்மை உண்டு. தப்பான இடத்தில் தேடி, தப்பான விடையைக் கொண்டுவந்து கொடுக்கும் வாய்ப்புக் குறைவு.

ஆரக்கிளில் பயனர் வேறு ஸ்கீமா வேறு அல்ல. ஒரு பயனரை உருவாக்கினால் அதே பெயரில் ஸ்கீமாவும் கூடவே பிறக்கிறது. ஆரக்கிள் படித்த தலைமுறை முழுக்க ‘ஸ்காட்.எம்ப்’ என்ற அட்டவணையில்தான் கைப்பழக்கம் பெற்றது. ஸ்காட் அந்த நிறுவனத்தின் தொடக்கக்கால ஊழியரான புரூஸ் ஸ்காட், கடவுச்சொல்லாக இருந்த ‘டைகர்’ அவர் வீட்டுப் பூனை. ஸ்காட்டாக உள்ளே வந்தவருக்கு ‘எம்ப்’ என்றாலே போதும். வேறொருவராக உள்ளே வந்து அதே அட்டவணையைச் சுருக்கமாக அழைக்க வேண்டுமென்றால், ‘ஆல்டர் செஷன் செட் கரண்ட்_ஸ்கீமா’ என்ற கட்டளை இருக்கிறது. இது மாற்றுவது பெயர் தேடும் இடத்தை மட்டுமே. உரிமைகளைத் தொடாது. ஸ்காட்டின் வாசலில் நின்று பேசலாம், ஸ்காட்டின் சாவிக்கொத்து கைக்கு வராது. புதிதாக வருகிறவர்கள் இந்த இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள்: ஸ்கீமாவை மாற்றிவிட்டோமே, இன்னும் ஏன் அட்டவணை இல்லை என்கிறது? அனுமதி இல்லாத அட்டவணையை ஆரக்கிள் பெரும்பாலும் ‘இல்லை’ என்றே சொல்லும், ‘இருக்கிறது, ஆனால் உனக்கில்லை’ என்று சொல்லாது.

ஆரக்கிளில் இன்னொரு வழி சினானிம், அதாவது மாற்றுப்பெயர். வெறும் பெயர் வந்தால் ஆரக்கிள் முதலில் அந்த ஸ்கீமாவின் சொந்தப் பொருள்களிலும் அதன் தனிப்பட்ட மாற்றுப்பெயர்களிலும் பார்க்கும். அங்கே கிடைக்காவிட்டால் எல்லோருக்குமான பொது மாற்றுப்பெயர்களில் பார்க்கும். உள்ளே நுழைந்தவுடன் தானாக ஓடும் லாகான் ட்ரிகர் ஒன்றை எழுதி, அதிலேயே கரண்ட்_ஸ்கீமாவை மாற்றிவிடுவது பல நிறுவனங்களின் வழக்கம்.

மைக்ரோசாஃப்டின் எஸ்க்யூஎல் சர்வர் 2005-ஆம் ஆண்டுப் பதிப்பில்தான் பயனரையும் ஸ்கீமாவையும் பிரித்தது. அதற்கு முன் அட்டவணை பயனருக்குச் சொந்தம், ஒரு ஊழியர் வேலையை விட்டுப் போனால் அவர் பெயரில் இருந்த அட்டவணைகளுக்கெல்லாம் உரிமை மாற்றி, குவெரிகளையும் திருத்தியாக வேண்டும். இப்போது டிஃபால்ட் ஸ்கீமா பயனரின் ஒரு பண்பு: ‘ஆல்டர் யூசர் கிராணி வித் டிஃபால்ட்_ஸ்கீமா = மெர்லிமாவ்’. எதுவும் சொல்லாவிட்டால் ‘டிபிஓ’. தேடல் இரண்டே படி: முதலில் பயனரின் டிஃபால்ட் ஸ்கீமா, பிறகு டிபிஓ. ஒரு செஷனுக்கு நடுவில் ஸ்கீமாவை மாற்றும் கட்டளை இங்கே கிடையாது, ஆரக்கிளிலிருந்து வருகிறவர்கள் தேடித் தேடி ஏமாறுவது இதைத்தான். சிஸ்அட்மின் குழுவில் இருப்பவருக்கு எந்த டிஃபால்ட் ஸ்கீமாவை எழுதி வைத்தாலும் செல்லாது, அவருக்கு எப்போதும் டிபிஓதான். நிர்வாகியின் கணினியில் ஒழுங்காக ஓடிய குவெரி ஊழியரின் கணினியில் வேறு விடை தருவதற்கு இது ஒன்றே போதும். ஸ்டோர்டு ப்ரொசீஜருக்குள் எழுதிய வெறும் பெயர்களுக்கோ அழைப்பவரின் ஸ்கீமா கணக்கில் வராது, அந்த ப்ரொசீஜர் இருக்கும் ஸ்கீமாவில்தான் முதலில் தேடும்.

வளமான விஷயம் போஸ்ட்கிரெஸ்ஸில் இருக்கிறது. ஸ்கீமாக்கள் அதில் 7.3 பதிப்போடு 2002-இல் வந்தன. அங்கே டிஃபால்ட் ஸ்கீமா என்ற ஒற்றை இடம் கிடையாது, ‘சர்ச்_பாத்’ என்ற தேடல் பாதை இருக்கிறது. பாதை என்றால் வரிசையாக அடுக்கிய ஸ்கீமாப் பெயர்கள். வெறும் பெயர் வந்தால் வரிசைப்படி ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்து, முதலில் கிடைத்ததை எடுத்துக்கொள்ளும். நிறுவும்போது கிடைக்கும் பாதையில் இரண்டு பெயர்கள் உண்டு. ஒன்று, உள்ளே வந்திருக்கும் பயனரின் பெயரிலேயே இருக்கும் ஸ்கீமா. மற்றது ‘பப்ளிக்’. பெரும்பாலானோர் பயனர் பெயரில் ஸ்கீமா வைத்துக்கொள்வதில்லை, அதனால் எல்லாமே பப்ளிக்கில் போய் விழுகின்றன, பாதை என்று ஒன்று இருப்பதே தெரியாமல் ஆண்டுக்கணக்கில் வேலை நடக்கிறது.

மெர்லிமாவ் தோட்டத்துக் கிராணிக்குப் பாதையை இப்படி அமைக்கலாம்: ‘செட் சர்ச்_பாத் டு மெர்லிமாவ், பொது’. இனி ‘வருகை’ என்றால் மெர்லிமாவின் வருகை. ‘விடுமுறை’ மெர்லிமாவில் இல்லை, அதனால் இரண்டாவது படியான பொதுவிலிருந்து வரும். ஒரு நாள் யாராவது மெர்லிமாவிலும் ‘விடுமுறை’ என்று ஓர் அட்டவணையை உருவாக்கிவிட்டால், பொது விடுமுறைப் பட்டியல் அன்றோடு மறைந்துபோகும். பிழைச் செய்தி வராது. சம்பளக் கணக்கு மட்டும் மாறும்.

படிப்பதற்கும் உருவாக்குவதற்கும் பாதை வேறு விதமாக வேலை செய்கிறது. படிக்கும்போது முழுப் பாதையிலும் தேடும். புதிதாக ஓர் அட்டவணையை வெறும் பெயரில் உருவாக்கினால், பாதையில் உண்மையில் இருக்கும் முதல் ஸ்கீமாவில் போட்டுவிடும். ‘உண்மையில் இருக்கும்’ என்ற சொற்களைக் கவனிக்க வேண்டும். இல்லாத ஸ்கீமாவின் பெயரைப் பாதையில் எழுதினால் போஸ்ட்கிரெஸ் முணுமுணுக்காமல் அதைத் தாண்டிப் போகும். பயன்படுத்த அனுமதி இல்லாத ஸ்கீமாவையும் அப்படியே தாண்டும். ‘மெர்லிமாவ்’ என்பதில் ஓர் எழுத்துப் பிசகினால், புதிய அட்டவணை சத்தமில்லாமல் ‘பொது’வில் போய் உட்காரும். அடுத்த வாரம் ஜாசின் கிராணி அதைத் தன் கணக்கென்று நினைத்துத் திறப்பார். பாதையில் இருக்கும் ஒன்றுமே தேறாதபோதுதான், உருவாக்க ஸ்கீமா எதுவும் தேர்ந்தெடுக்கப்படவில்லை என்ற பிழை எழும்.

மேற்கோள்குறியால் வரும் வினையும் ஒன்று உண்டு. ‘மெர்லிமாவ், பொது’ என்ற முழுவதையும் ஒரே மேற்கோளுக்குள் போட்டு அமைத்தால், காற்புள்ளியும் இடைவெளியும் சேர்ந்த ஒற்றைப் பெயர் கொண்ட ஒரு ஸ்கீமாவைத் தேடும். அப்படியொன்று உலகத்தில் இருக்காது. கட்டளை வெற்றி என்றே பதில் வரும், அடுத்த குவெரியில் எல்லா அட்டவணைகளும் காணாமல் போயிருக்கும்.

மேலே உள்ள எடுத்துக்காட்டுகளில் வரும் தமிழ்ப் பெயர்கள் வெறும் விளக்கத்துக்கானவை என்று எண்ண வேண்டாம். போஸ்ட்கிரெஸ் தமிழ் எழுத்துகளில் ஸ்கீமாவும் அட்டவணையும் வைத்துக்கொள்ள விடுகிறது, மேற்கோள்குறிகூடத் தேவையில்லை. ஆனால் பெயர் ஒன்றின் நீளம் 63 பைட்டுக்கு மேல் போகக் கூடாது. யுடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியும் 3 பைட் எடுத்துக்கொள்ளும், எனவே 21 குறிகள்தான் எல்லை. ‘மெர்லிமாவ்’ என்பது கண்ணுக்கு 5 எழுத்து, கணினிக்குக் கொம்பும் காலும் புள்ளியும் சேர்த்து 10 குறி, 30 பைட். நீளம் மீறினால் வாலை வெட்டிவிட்டு ஓர் அறிவிப்போடு தொடரும். இன்னொரு நுட்பம், ‘தொழிலாளர்’ என்பதில் வரும் ‘தொ’. அதை ஒற்றை உயிர்க்குறியாகவும் தட்டலாம், ஒற்றைக் கொம்பும் காலுமாக இரண்டு குறிகளாகவும் தட்டலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். போஸ்ட்கிரெஸ் பெயர்களைப் பைட் பைட்டாக ஒப்பிடுகிறது, அதற்கு இவை இரண்டு அட்டவணைகள். பாதை சரி, அனுமதி சரி, பெயரும் கண்ணுக்குச் சரி, ஆனாலும் ‘ரிலேஷன் இல்லை’ என்ற பிழை வருகிறது என்றால், தட்டச்சு மென்பொருளைச் சந்தேகிப்பதில் நியாயம் உண்டு. (அந்த ‘ரிலேஷன்’ எட்கர் காட் 1970-இல் எழுதிய கட்டுரை வழியாகக் கணிதத்திலிருந்து வந்த சொல். அதற்கும் உறவினருக்கும் தொடர்பில்லை.)

பாதையை எந்த மட்டத்தில் அமைப்பது என்பதுதான் நடைமுறையில் அதிகம் யோசிக்க வேண்டிய கேள்வி. ‘செட்’ என்ற கட்டளை அந்த இணைப்பு முடியும்வரை நிற்கும். அதுவும் ஒரு டிரான்சாக்‌ஷனுக்குள் கொடுத்து, அந்த டிரான்சாக்‌ஷன் பாதியில் கைவிடப்பட்டால், பாதையும் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். ‘செட் லோக்கல்’ என்றால் அந்த ஒரு டிரான்சாக்‌ஷனுக்கு மட்டும். ‘ஆல்டர் ரோல்’ மூலம் ஒரு பயனருக்கு நிரந்தரமாக எழுதி வைக்கலாம், ‘ஆல்டர் டேட்டாபேஸ்’ மூலம் ஒரு தரவுத்தளத்துக்கு வரும் எல்லோருக்கும் எழுதலாம், குறிப்பிட்ட தரவுத்தளத்துக்கு வரும் குறிப்பிட்ட பயனருக்கு என்றும் எழுதலாம். இவை மோதிக்கொண்டால் குறுகலானது வெல்லும்: பயனரும் தரவுத்தளமும் சேர்ந்தது முதலில், பிறகு பயனர், பிறகு தரவுத்தளம், கடைசியில்தான் சர்வரின் அமைப்புக் கோப்பு.

ஆல்டர் ரோல் போட்டுவிட்டு, அதே ஜன்னலில் உடனே சோதித்துப் பார்த்து, ‘வேலை செய்யவில்லை’ என்று தலையில் கை வைப்பவர்கள் ஏராளம். அந்த அமைப்பு அடுத்த முறை உள்ளே வரும்போதுதான் நடப்புக்கு வரும். குழு ரோலுக்கு எழுதி வைத்த பாதை அதன் உறுப்பினர்களுக்கு இறங்காது என்பதும், உள்ளே வந்த பிறகு ‘செட் ரோல்’ போட்டு வேறொருவராக மாறினால் அவருடைய பாதை கூடவே வராது என்பதும் அதே வகை. பாதையில் பயனர்பெயர் ஸ்கீமா என்ற முதல் உறுப்பு இருந்தால் அது மட்டும் புதிய ரோலின் பெயருக்கு மாறும். செயலி வழியாக இணைபவர்களுக்கு இன்னொரு வசதி உண்டு: ஜாவாவின் ஜேடிபிசி இணைப்பு முகவரியில் ‘கரண்ட்ஸ்கீமா’ என்ற அளவுருவிலேயே பாதையைக் கொடுத்துவிடலாம்.

பயனருக்குப் பயனர் எழுதி வைப்பதே பெரும்பாலான அலுவலகங்களுக்குப் போதும், அதுவே பாதுகாப்பும்கூட. பெம்பான் கிராணிக்கு ஒரு கணக்கு, மெர்லிமாவ் கிராணிக்கு ஒரு கணக்கு, யார் உள்ளே வந்தாலும் அவரவர் செக்ரோல் பக்கம் தானாகத் திறந்திருக்கும். எல்லோரும் ஒரே கணக்கில் உள்ளே வந்து, செயலி நினைவாகப் பாதையை மாற்றிக்கொள்ளும் ஏற்பாடு எழுத எளிது. ஒரு நாள் அந்த நினைவு தவறும்.

நினைவு தவறும் இடம் பெரும்பாலும் கனெக்‌ஷன் பூல். ஒவ்வொரு கோரிக்கைக்கும் தரவுத்தளத்தோடு புது இணைப்பு ஏற்படுத்துவது செலவு பிடிக்கும் வேலை, அதனால் திறந்த இணைப்புகள் சிலவற்றை வைத்துக்கொண்டு எல்லோருக்கும் மாற்றி மாற்றிக் கொடுக்கும் பிஜிபவுன்சர் போன்ற இடைத்தரகு மென்பொருள் வைக்கிறார்கள். அதை டிரான்சாக்‌ஷன் முறையில் ஓட்டினால், ஒரு டிரான்சாக்‌ஷன் முடிந்தவுடன் அந்த இணைப்பு வேறொருவர் கைக்குப் போகும். முன்னவர் ‘செட்’ போட்டு வைத்த பாதையும் துடைக்கப்படாமல் அதனோடு போகும். மெர்லிமாவுக்கென்று அமைத்த இணைப்பில் ஜாசினின் கோரிக்கை ஏறும், ‘வருகை’ என்று கேட்கும், மெர்லிமாவின் வருகை அழகாக வந்து நிற்கும். ஸ்கீமாக்களின் அமைப்பு ஒன்றே என்பதால் எதுவும் உடையாது, எந்தப் பதிவேட்டிலும் சிவப்பு வரி தோன்றாது. சோதனைக் கணினியில் ஒரே ஆள் உட்கார்ந்து பார்க்கும்போது இந்தத் தவறு வரவே வராது, ஊரே ஒரே நேரத்தில் உள்ளே வரும் சம்பள நாளில்தான் வரும். இப்படிப்பட்ட ஏற்பாட்டில் பாதையை டிரான்சாக்‌ஷனுக்குள் ‘செட் லோக்கல்’ கொண்டு மட்டுமே அமைக்க வேண்டும், அல்லது ஒவ்வொரு தோட்டத்துக்கும் தனிப் பயனர் வைத்து அந்தந்தப் பயனருக்குப் பூலையும் பிரித்துவிட வேண்டும்.

வியூவுக்கும் ஃபங்ஷனுக்கும் இடையே ஒரு வேறுபாடு இருக்கிறது. வியூ உருவாக்கும் நேரத்திலேயே அதில் உள்ள பெயர்களைத் தேடி, எந்த அட்டவணை என்று முடிவு செய்து, பெயரை விட்டுவிட்டு அட்டவணையின் உள் எண்ணைச் சேமித்துக்கொள்கிறது. பிறகு யார் எந்தப் பாதையோடு வந்து அழைத்தாலும் அது முதல் நாள் கண்ட அட்டவணையையே காட்டும். ஃபங்ஷனின் உடலோ பொதுவாக வெறும் எழுத்தாகச் சேமிக்கப்படுகிறது. ஒவ்வொருவர் அழைக்கும்போதும் அவரவர் பாதையில் தேடும். ஒரே ‘வருகை’ வியூவுக்குள் இருந்தால் ஒரு பொருள், ஃபங்ஷனுக்குள் இருந்தால் அழைப்பவரைப் பொறுத்த பொருள். 2021-இல் வந்த 14-ஆம் பதிப்பில், ஃபங்ஷனின் உடலையும் உருவாக்கும் நேரத்திலேயே முடிவு செய்துகொள்ளும் ‘பிகின் அடாமிக்’ என்ற எழுத்துமுறை சேர்ந்தது. அது எஸ்க்யூஎல் மொழியில் எழுதும் ஃபங்ஷன்களுக்கு மட்டும்.

அழைப்பவரின் பாதையில் பெயரைத் தேடும் இந்த வழக்கம் ஒரு பெரிய பாதுகாப்பு ஓட்டையாக 2018-இல் வெளிச்சத்துக்கு வந்தது. சிவிஇ-2018-1058 என்பது அதன் பதிவு எண். அப்போது போஸ்ட்கிரெஸ்ஸின் பப்ளிக் ஸ்கீமாவில் எந்தப் பயனர் வேண்டுமானாலும் எதையும் உருவாக்கலாம், எல்லோருடைய பாதையிலும் பப்ளிக் இருந்தது. சிஸ்டத்தின் சொந்தப் பொருள்கள் இருக்கும் ‘பிஜி_கேட்டலாக்’ ஸ்கீமாவைப் பாதையில் எழுதாவிட்டாலும் போஸ்ட்கிரெஸ் அதைத்தான் முதலில் பார்க்கும், எனவே உள்ளமைந்த ஃபங்ஷன்களை யாரும் மறைக்க முடியாது என்று தோன்றும். தோன்றுவதுதான். பெரிய எழுத்தைச் சிறியதாக்கும் ‘லோயர்’ என்ற ஃபங்ஷன் ‘டெக்ஸ்ட்’ வகைக்காக எழுதப்பட்டது. ஒரு விஷமி அதே பெயரில், ‘வார்கேர்’ வகைக்கென்று ஒன்றைப் பப்ளிக்கில் எழுதி வைத்தால், வார்கேர் வகை நெடுவரிசை மீது லோயரை அழைப்பவருக்கு விஷமியின் ஃபங்ஷன்தான் கிடைக்கும். ஏனென்றால் ஃபங்ஷனைத் தேர்ந்தெடுக்கும்போது பாதையில் எது முன்னால் இருக்கிறது என்பதைவிட வகை எது கச்சிதமாகப் பொருந்துகிறது என்பதற்கே மதிப்பு அதிகம். அழைப்பவர் நிர்வாகியாக இருந்தால், அந்த ஃபங்ஷன் நிர்வாகியின் அதிகாரத்தோடு ஓடும்.

இதற்கு மருந்து இரண்டு. பப்ளிக்கில் உருவாக்கும் உரிமையை எல்லோரிடமிருந்தும் எடுத்துவிடும்படி அப்போதே அறிவுறுத்தினார்கள், 2022-இல் வந்த 15-ஆம் பதிப்பில் அதையே இயல்பாக்கினார்கள். பழைய பதிப்பிலிருந்து மேலேறி வந்த தரவுத்தளங்களில் பழைய உரிமைகள் அப்படியே தொடரும் என்பதால், 15-க்கு வந்துவிட்டோம் என்ற நிம்மதி மட்டும் போதாது. மற்றது, உரிமையாளரின் அதிகாரத்தோடு ஓடும் ‘செக்யூரிட்டி டிஃபைனர்’ வகை ஃபங்ஷன்களின் வரையறையிலேயே பாதையைக் கட்டிப்போடுவது: நம்பத்தகுந்த ஸ்கீமாக்கள் முதலில், தற்காலிக அட்டவணைகளுக்கான ‘பிஜி_டெம்ப்’ கடைசியில். பிஜி_டெம்ப்பை எழுதாமல் விட்டால் அட்டவணைப் பெயர்களுக்கு அதுதான் முதலில் தேடப்படும், யார் வேண்டுமானாலும் தற்காலிக அட்டவணை ஒன்றை உருவாக்கி உள்ளே புகுந்துகொள்ளலாம்.

அந்த ஓட்டையை அடைத்ததில் ஒரு பக்கவிளைவும் உண்டு. காப்புப்படி எடுக்கும் பிஜி_டம்ப், 2018 மார்ச்சில் வந்த திருத்தப் பதிப்பு முதல், கோப்பின் தலையிலேயே பாதையைக் காலியாக்கிவிடுகிறது. அதன்பின் எல்லாப் பெயர்களையும் முழுமையாக எழுதுகிறது. ஆனால் ஃபங்ஷன்களின் உடலுக்குள் இருக்கும் வெறும் பெயர்களை அது தொடாது. அப்படிப்பட்ட ஃபங்ஷன் ஒன்றை இண்டெக்ஸில் பயன்படுத்தியிருந்தால், காப்புப்படியை மீட்கும்போது அந்த இண்டெக்ஸ் கட்டும் இடத்தில் ‘ரிலேஷன் இல்லை’ என்று நின்றுவிடும். ஆண்டுக்கணக்கில் ஓடிய ஃபங்ஷன் அவசரத்துக்கு மீட்கும் இரவில் படுத்துக்கொள்வதற்கு இதுவே காரணம்.

ஆகவே கையால் தட்டும் குவெரிக்கு வெறும் பெயர் போதும், அதற்காகத்தான் டிஃபால்ட் ஸ்கீமா இருக்கிறது. எழுதி வைத்துப் பிறர் ஓட்டும் எதற்கும், ஃபங்ஷன், ட்ரிகர், இரவு வேலைகள், ஸ்கீமா மாற்றும் நிரல்கள் எல்லாவற்றுக்கும், புள்ளி வைத்த முழுப்பெயர் அல்லது அதனுள்ளேயே கட்டிய பாதை வேண்டும். ஒரே நிரலை மூன்று தோட்டத்துக்கும் ஓட்டும் ஏற்பாட்டில் முழுப்பெயர் எழுத முடியாது. அங்கே பாதை அமைக்கும் வரி ஒரே ஒரு இடத்தில் இருக்க வேண்டும், அது தவறினால் குவெரியே ஓடாதபடி பயனரின் மூலப் பாதையைக் காலியாக வைத்திருக்க வேண்டும். இல்லாத பாதையில் தேடினால் பிழை வரும். தப்பான பாதையில் தேடினால் விடை வரும்.

அமைத்தது அமைந்ததா என்று பார்க்கப் போஸ்ட்கிரெஸ்ஸில் ‘ஷோ சர்ச்_பாத்’ போதாது. அது எழுதி வைத்ததை அப்படியே காட்டும், இல்லாத ஸ்கீமாவையும் சேர்த்து. ‘கரண்ட்_ஸ்கீமா’ என்ற ஃபங்ஷனைக் கேட்டால் உண்மையில் இருக்கும் முதல் ஸ்கீமாவைச் சொல்லும், புதிய அட்டவணை எங்கே விழும் என்பது அதிலிருந்து தெரியும். ‘கரண்ட்_ஸ்கீமாஸ்’ என்ற பன்மை ஃபங்ஷனுக்கு ‘ட்ரூ’ என்று கொடுத்தால், எழுதாமலேயே தேடப்படும் பிஜி_கேட்டலாக் உட்பட முழு வரிசையும் வரும். மைஎஸ்க்யூஎல்லில் ‘டேட்டாபேஸ்’ என்ற ஃபங்ஷனும், எஸ்க்யூஎல் சர்வரில் ‘ஸ்கீமா_நேம்’ என்ற ஃபங்ஷனும் இதே வேலையைச் செய்கின்றன. ஆரக்கிளில் ‘சிஸ்_கான்டெக்ஸ்ட்’ வழியாகக் கேட்க வேண்டும்.

போஸ்ட்கிரெஸ்ஸின் பிஎஸ்க்யூஎல் திரையில் அட்டவணைகளைப் பட்டியலிடும் கட்டளையும் பாதையில் எட்டுகிறவற்றை மட்டுமே காட்டும். பாதை மாறிய அன்று பட்டியல் காலியாக வந்து, தரவெல்லாம் அழிந்துவிட்டது என்று அலறியவர்களுக்கு, எல்லா ஸ்கீமாவிலும் தேடச் சொல்லும் நட்சத்திரக் குறியைச் சேர்த்தால் உயிர் திரும்பும். ஓர் அட்டவணையின் உள் எண்ணை ‘ரெக்கிளாஸ்’ என்ற வகைக்கு மாற்றிக் கேட்டால், போஸ்ட்கிரெஸ் அதன் பெயரைச் சொல்லும். கேட்பவரின் பாதையில் வெறும் பெயரிலேயே அது எட்டுமென்றால் ‘வருகை’ என்று மட்டும் வரும், எட்டாதென்றால் ‘மெர்லிமாவ்.வருகை’ என்று புள்ளியோடு வரும். அதே அட்டவணை, அதே எண், கேட்பவர் மெர்லிமாவ் கிராணியா ஜாசின் கிராணியா என்பதைப் பொறுத்து.